கீழே நின்று கத்தியவன்

— சட்டம் விழயில்லை. இறக்கினது. ஆர் வந்து கேட்டாலும் அந்தச் சொல்லை முதல் திருத்து, ஜவாஹிர். விழுறது வேற, இறக்கிறது வேற. விளங்குதே?

— எனக்கு விளங்குது, சின்னராசாண்ணன். ஸ்பீக்கர் பெட்டிக்கு விளங்கல்லியே. மூலை பிளந்து வாயைத் திறந்துக்கிட்டுக் கிடக்கு.

— விழுந்திருந்தால் மூலை மட்டும் பிளக்காது, பெட்டியே தூளாகிப் போயிருக்கும். அவ்வளவு விளக்கும் பூட்டின இரும்புச் சட்டம். நீங்கள் ஆறு பேரும் கயித்தைக் கைவிடாமல், பிள்ளையைத் தொட்டில்ல கிடத்திற மாதிரி இறக்கினனீங்கள்.

— தொட்டிலுக்குள்ள முதலே ஒரு பிள்ளை கிடந்திச்சு. அதுதான் வில்லங்கம்.

— அந்தப் பெட்டி அங்க இருக்கயில்லை. நான் மேல கப்பியைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க ஆரோ தள்ளிக்கொண்டு வந்து நடு மேடையில வச்சிருக்கினம்.

— வச்சவன் தப்பிட்டான், இறக்கினவன் மாட்டிட்டான். இந்தாங்க, பிளேன்டீ. சீனி ஒள்ளுப்பம் கூட.

— எனக்கு வேண்டாம்.

— குடிங்க. கோபத்தில குடிச்சாலும் இனிக்கத்தான் செய்யும்.

— நீ கேட்டனியா இல்லையா? அதை மட்டும் சொல்லு. "ஆரியா" எண்டு கீழ இருந்து கத்தினது உனக்கும் கேட்டதுதானே?

— அண்ணன், வல்லாஹி, நான் கறுப்புச் சீலைக்குப் பின்னால நிண்டன். பக்கத்தில ஜெனரேட்டர். உம்மா வந்து கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. உங்கட கை மட்டும்தான் தெரிஞ்சிச்சு. கை தாழ்ந்திச்சு, நாங்க கயித்தை விட்டம்.

— அப்ப கேட்டது நான் மட்டும்.

— நீங்க மட்டும்.

— எனக்கு நல்லாக் கேட்டது. ஆரியா. கீழ நிண்டு ஒருத்தன் "ஆரியா" எண்டால் மேல பாக்கிறவன் ஏன், எதுக்கு எண்டு கேக்கக் கூடாது. கீழ நிக்கிறவனுக்குத்தான் கால் இருக்கு, தலை இருக்கு. அவன்ட வாய்க்கு என்ட கை கட்டுப்படும். ஹாபர் ஜெட்டியில முதல் நாள் எனக்குப் படிப்பிச்சது அதுதான். அதாலதான் என்ட கைக்குக் கீழ நிண்ட ஒருத்தனுக்கும் ஒரு விரல் போகயில்லை.

— தெரியும் அண்ணன். என்ட விரல் பத்தும் சாட்சி. பாருங்க.

— அண்ணா, ரெண்டு பேரும் இந்த லொறிக்குப் பின்னாலயா நிக்கிறீங்கள்? மேடையைச் சுத்தி முழுக்கத் தேடிப்போட்டன்.

— வாங்க சோபனாத் தங்கச்சி. வெள்ளைக்காரங்களுக்கு வாய், எங்களுக்குக் காது. கைவிலங்கு கொண்டு வந்திரிக்கிறீங்களா?

— பகிடியை விடுங்கோ, ஜவாஹிர் அண்ணா. அதாவது, நான் அந்தப் பாட்டுக் குழுவோட கதைச்சுப்போட்டுத்தான் வாறன். சின்னராசா அண்ணா, அந்தச் செந்தாடிக்காரர் இருக்கிறாரல்லோ, மேடைக்குப் பொறுப்பானவர். அவர் சொல்றார், தான் "ஏரியா" எண்டுதான் கத்தினதாம்.

— என்னது?

— ஏரியா. அதாவது, அந்த இடத்தைவிட்டு விலகுங்கோ எண்டு அர்த்தம். இறக்கச் சொல்லித் தான் சொல்லவேயில்லையாம்.

— நான் கேட்டது ஆரியா.

— உண்மையில அது என்ன சொல்லு அண்ணா? நான் கேள்விப்பட்டதே இல்லை.

— எந்தப் பாசையோ, எந்தக் கப்பல்காரன் விட்டிட்டுப் போனதோ, எனக்குத் தெரியாது பிள்ளை. ஹாபரில கயிறு பிடிக்கிறவனுக்கு "ஆரியா" எண்டால் இறக்கு. வேற அர்த்தம் இல்லை. சிங்கள ஆளுக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான்.

— ஏரியா, ஆரியா. அண்ணன், சொல்லிப் பாருங்க. ஒரு எழுத்துத்தானே. அந்தாளும் ஸ்கொட்லாந்துக்காரன். அவங்கட வாயில இங்கிலீசே பனங்கிழங்கு கடிச்ச மாதிரித்தான் வருது. எந்தக் காதும் பிசகும்.

— என்ட காது பிசகயில்லை.

— சரி அண்ணா, அதை விடுங்கோ. மஹ்ரூப் முதலாளி சொல்லச் சொன்னது இதுதான். கச்சேரி முடிஞ்சு சட்டத்தைக் கழட்டி இறக்கிற வரைக்கும் நில்லுங்கோவாம். முடிஞ்ச உடன அந்தப் பெரியவர் உங்களைப் பாக்க வேணுமாம்.

— எந்தப் பெரியவர்?

— அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர். ஆர்ச்சி.

— ஆச்சியா? தாடி வச்ச ஆச்சியா?

— ஆர்ச்சி, ஜவாஹிர் அண்ணா. பேஸ் கிற்றார் வாசிக்கிறவர். அந்தப் பெட்டி அவர் இளந்தாரியா இருக்கேக்க வாங்கினதாம். போன இடமெல்லாம் கூடவே கொண்டு திரிஞ்சதாம். பெட்டி உடைஞ்ச நேரத்தில இருந்து அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டு இருக்கிறார். மத்தியானச் சாப்பாடும் அப்பிடியே இருக்கு.  என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டவர். "கை காட்டினது ஆர்?"

— நீங்க என்ன சொன்னீங்க?

— தெரியாது, விசாரிச்சுச் சொல்றன் எண்டனான்.

— ஏன் பிள்ளை மறைச்சனீ? சின்னராசா எண்டு சொல்லியிருக்கலாமே. லிங்கநகர் சின்னராசா.

— சொல்லத்தான் போறன் அண்ணா. அதுக்கு முதல் உங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு...

— நான் ஒண்டு சொல்றன். கயிறு என்ட கையில வழுக்கிட்டு எண்டு சொல்லுவம். எனக்கு வேர்வை, கயிறும் ஈரம், வழுக்கிட்டு. நான் கிண்ணியாக்காரன், அங்கால குறிஞ்சாக்கேணியில போய் ஒள்ள நாளைக்கு வலை இழுத்தா சரி. முதலாளி என்னை ஏசிட்டு மறுகா கூப்பிடுவாரு.

— வழுக்கினது எண்டால் விழுந்தது எண்டு அர்த்தம். முதலே சொன்னனான். விழயில்லை.

— அல்லாஹ்வே, இந்த மனுசன்...

— தொடங்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு. நான் போய் விளம்பரச் சீலையைப் பாக்க வேணும். கோட்டையில திரியிற மான் ரெண்டு வந்து வாசலில ஒட்டின படத்தைத் தின்னுதாம்.

— பசை வாசத்துக்கு வருதுகள் தங்கச்சி. ஆச்சிட முகத்தை மட்டும் மிச்சம் வைக்கச் சொல்லுங்க.

— பிள்ளை போயிட்டுது. இனிச் சொல்லு, ஜவாஹிர்.

— என்ன சொல்ல?

— முதலாளி உன்னட்ட என்ன சொன்னவர்? காலமை குசினிக் கொட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு கதைச்சனீங்கள். நீ என்ட முகத்தைப் பாக்காமல் பிளேன்டீ கொண்டு திரியேக்கயே எனக்கு விளங்கிட்டுது.

— காது கேக்காட்டியும் கண் நல்லாத் தெரியுது உங்களுக்கு.

— காது கேக்கும்.

— சரி. கேட்டாரு. அடுத்த கிழமை ஜெட்டிக்குக் கரண்ட் எடுக்கிற காத்தாடிட இறகு வருதுல்ல, ரயில் மாதிரி நீளம். அதுக்கு நீ கை காட்டுவியா எண்டு கேட்டாரு. சின்னராசா கயித்தில நிக்கட்டும், இல்லாட்டி வீட்டில நிக்கட்டும் எண்டாரு.

— நீ என்ன சொன்னனீ?

— பணிஸ் வாய்க்குள்ள இருந்திச்சு. தலையை ஆட்டினன். ஓமுக்கும் இல்லைக்கும் நடுவில.

— அந்த இறகுக்காக நான் எவ்வளவு நாளாக் காத்துக்கொண்டிருக்கிறன் எண்டு உனக்குத் தெரியும்.

— தெரியும்.

— தேயிலைப் பெட்டி, சீமெந்து, மா மூட்டை எல்லாம் இறக்கியாச்சு. அப்பிடி நீளமான சாமானை என்ட கை இன்னும் இறக்கயில்லை. காத்து அடிச்சால் சுழலும். கை ஒரு அங்குலம் பிசகினால் அங்கால நிக்கிறவன் இல்லை.

— அதாலதானே அண்ணன் முதலாளி பயப்படுறாரு. கோபிக்காதீங்க. பூரணி அக்கா என்ட நபீஸாட்ட சொன்னாவாம். வீட்டில ரீவியைப் பெலத்து வைக்கிறீங்களாம். பக்கத்து வீட்டுக்காரன் செய்தியை உங்கட ரீவியிலதான் கேக்கிறானாம்.

— அவள் குசினிக்குள்ள நிண்டு முணுமுணுத்தால் ஆருக்குத்தான் கேக்கும்?

— ஒரு சோதனை செய்வம். நான் அந்தத் தண்ணி பவுசருக்குப் பக்கத்தில போறன். ஒரு சொல்லுச் சொல்றன். நீங்க திருப்பிச் சொல்லுங்க.

— சின்னப்பிள்ளை விளையாட்டு.

— பயமா?

— போ. போய்ச் சொல்லு.

— கேக்குதா? முதல் சொல்லு. கப்பி!

— கப்பி.

— சபாஷ். ரெண்டு. வாளி!

— வாளி. இன்னும் தள்ளிப்போய்ச் சொல்லு, பயந்தாங்கொள்ளி.

— மூணு. கயிறு!

— வயிறு.

— என்ன?

— வயிறு எண்டனீ.

— இல்லண்ணன். கயிறு.

— உன்ட வாய்க்குள்ள என்ன கிடக்கு?

— பணிஸ்.

— அதை முழுங்கிப்போட்டுச் சோதனை வைக்கிறதுதானே! பணிசோட கதைக்கிறவன்ட கயிறு வயித்துக்குள்ளதான் போகும்.

— சரி, சரி. அது செல்லாது. வாங்க, இப்பிடி நிழலில இருப்பம். ஆனா முகத்தைத் தொங்கப் போடாதீங்க, எனக்குப் பாக்க ஏலாது.

— நான் யோசிக்கிறது அது இல்லை. அந்தக் கிழவனைத்தான். அவருக்கு என்ன வயசு?

— எழுபத்தெட்டாம். வாசல்ல நிண்ட கொழும்புப் பொடியன் சொன்னான். கறுப்புச் சேட்டு, தலைமயிர் பூரணி அக்காவை விட நீளம். அவன் இவங்கட கதையெல்லாம் பாடமாக்கி வச்சிரிக்கான். "பிளாக் ரிவெட்" எண்ட இவங்கட பாண்டுப் பேருக்கு அர்த்தம் கறுப்பு ஆணியாம். கப்பல் தகட்டுக்கு அடிக்கிற ஆணி. நாலு பேரும் கப்பல் கட்டுற இடத்தில வேலை செஞ்ச ஆக்களாம். பகலில ஆணி அடிக்கிறது, பின்னேரம் பாட்டு அடிக்கிறது.

— அப்ப எங்கட சாதி.

— ஓம், கேளுங்க. மறுகா அந்த யாட்டை மூடிட்டாங்களாம். ஊரே வேலை இல்லாமப் போச்சு. இவங்க மட்டும் ஒரு லொறியில சாமானை ஏத்திக்கிட்டு வெளிக்கிட்டாங்களாம். மாட்டுச் சந்தை, ஜெயிலுக்குள்ள மறியல்காரருக்கு, பனிக்கட்டிக்கு மேல பலகை போட்டு, எங்க கூப்பிட்டாலும் போனாங்களாம். ஒரு பாட்டு உலகமெல்லாம் ஓடிச்சாம். அந்தக் காசைக் கொம்பனிக்காரன் திண்டுட்டானாம்.

— அதைத் தின்னாத கொம்பனி எது?

— ஒருத்தன் பனியில லொறி சறுக்கி மவுத்து. பாடினவனுக்கு நெஞ்சுக்குள்ள புகை அடைச்சு, மூச்சு ஏலாமப் போச்சு. மேளம் அடிச்சவன் கிழண்டு போய் மகன்ட கையில தடியைக் குடுத்திட்டான். முதல் நாலு பேரில இப்ப மிச்சம் ஆச்சி மட்டும்தான்.

— ஆர்ச்சி.

— அதான். எனக்கு ஒரு சந்தேகம் அண்ணன். நாலில மூண்டு போனா அது அந்த ஆணியா? புது ஆணிக்குப் பழைய பேர் வச்சு ஏமாத்துறதா?

— எங்கட ஏழாம் கேங்கில நான் சேரேக்க இருந்தவையில இப்ப ஆர் இருக்கிறது?

— நீங்க.

— நீ சேந்தது எந்தக் கேங்?

— ஏழாம் கேங்.

— உன்னை ஆரும் ஏமாத்திச் சேத்தவையே? வேலை அதே வேலை, கயிறு பிடிக்கிற முறை அதே முறை. ஆள் போவான், வருவான். கேங் நிக்கும். ஒருத்தன் மிஞ்சி நிண்டு அடுத்தவனுக்குக் காட்டினால் போதும்.

— எழுபத்தெட்டு வயசில எதுக்கண்ணன் இந்தப் பாடு? வீட்டில இருந்து மீன் பிடிக்கலாம்.

— நிப்பாட்டினால் செத்துப்போவன் எண்டு சில பேர் சொல்லுவினம். பொய். நிப்பாட்டினாலும் சாகமாட்டம். சாப்பிடுவம், படுப்பம். காலமை எழும்பினால் கையை எங்க வைக்கிறது எண்டுதான் தெரியாது.

— அண்ணாமார், வாங்கோ, தொடங்கப்போகினம்! வலப்பக்கத்துப் படியில நிண்டு பாக்கலாம். அதாவது, மேடைக்கு மேல மட்டும் ஏறாதேங்கோ. பொழுதுபட மஃரிப் பாங்கு சொல்ல முதல் முடிக்க வேணும், அதால சொன்ன நேரத்துக்கே தொடங்குகினம்.

— பெட்டி இல்லாமல் அந்தாள் எப்பிடி வாசிப்பார், பிள்ளை?

— கொழும்புப் பிள்ளையளிட்ட இரவல் வாங்கியாச்சு அண்ணா. சின்னப் பெட்டி.  பெரியவர் தலையை ஆட்டினவர்.

— அண்ணன், இப்பிடி என்ட பக்கத்தில நில்லுங்க. என்ட ரப்பே, சனத்தைப் பாருங்க. நிலாவெளி ஹோட்டல் வெள்ளைக்காரர், நேவிக்காரங்க, கச்சான் கடலை விக்கிறவன், அங்க பாருங்க, எங்கட மீன் ஏலக்காரன் அபூதாஹிர் ஹாஜியாரும் வந்திரிக்காரு!

— ஹாஜியார் என்னத்துக்கு?

— மருமகன் கூட்டி வந்திருப்பான். காதுக்குள்ள பஞ்சு வச்சிரிக்காரு, பாருங்க. மனுசன் முன்னேற்பாட்டோடதான்... யா அல்லாஹ்!

— என்ன கத்துறாய்?

— மேளம் அண்ணன்! நெஞ்சுக்குள்ள ஆரோ உலக்கையால குத்துறான்! காகம் எல்லாம் பறக்குது!

— பாக்கிறன், பாக்கிறன்.

— உங்களுக்குக் கேக்குதா?

— செத்தவனுக்கும் கேக்கும்!

— அந்தப் பாடுறவன் குதிக்கிற குதி! ஐம்பது வயசு இருக்கும், இடுப்புப் பிடிக்கப் போகுது!

— அவனை விடு. கிழவனைப் பார். அசையுறாரோ?

— எங்க அசைய? கப்பல் கட்டுற இரும்புக் கட்டை மாதிரி ஊண்டிட்டாரு. விரல் மட்டும்தான் ஓடுது.

— அதுதான். மற்றவை எல்லாரும் அவரைப் பாத்துத்தான் வாசிக்கினம். பார், அந்தச் சின்ன கிற்றார்காரன் ஒவ்வொரு முறை திரும்பேக்கயும் கிழவன்ட கையைப் பாக்கிறான். மேளக்காரனும் பாக்கிறான். கிழவன் தலையை இப்பிடிச் சரிச்சால் பாட்டு இறங்குது. நிமித்தினால் ஏறுது. கண்டனியே?

— கண்டன். நீங்க அங்க நிக்கிற மாதிரியே இரிக்கு. தாடியும் நிறமும்தான் பிழை.

— சும்மா கிட.

— கைதட்டுங்க அண்ணன், பாட்டு முடிஞ்சு.

— முடிஞ்சதே? நான் ஏதோ மூச்சு விடுகினம் எண்டு நினைச்சன்.

— அடுத்தது மெல்லமாத் தொடங்குது. பொறுங்க... பொறுங்க... இது எனக்குத் தெரியும்!

— உனக்கா?

— வல்லாஹி தெரியும்! என்ட கலியாண வீடியோவில வீடியோக்காரன் போட்ட மியூசிக் இது! நானும் நபீஸாவும் கேக் வெட்டுற இடம். இருவது வருசமா எந்த நாட்டுப் பாட்டெண்டு தெரியாமப் பாத்துக்கிட்டு இரிக்கம். ஆச்சி, இது உங்கட பாட்டா!

— கத்தாதை. கேக்க விடு.

— எல்லாச் சனமும் பாடுது அண்ணன். வெள்ளைக்காரி அழுறா. கச்சான்காரனும் வாயசைக்கிறான், அவனுக்கு என்ன தெரியும்?

— வாயசைக்கிறதுக்கு என்ன தெரிய வேணும்? இஞ்ச, எனக்கு அந்தக் கிழவன்ட வாசிப்பு மட்டும் தனியா இழுபட்டு வருது. மற்ற எல்லாத்துக்கும் அடியில. கப்பல் ஜெட்டியில முட்டாமல் வந்து ஒட்டேக்க தண்ணிக்கு அடியில ஒரு சத்தம் வரும், தெரியுமே? அது மாதிரி.

— அப்ப காது நல்லாத்தானே இரிக்கு!

— நல்ல காது எண்டால் காலமை ஏன் அப்பிடிக் கேட்டது?

— அந்தக் கதையை இப்ப எடுக்காதீங்க. இண்டைக்கு நல்ல நாள் அண்ணன். கடல் காத்து, ஓசி மியூசிக், ஹாஜியார் காதில பஞ்சு. இதுக்கு மேல என்ன வேணும்?

— ஒண்டும் வேண்டாம். உண்மையாத்தான் சொல்றன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

— மறுகா ஏன் பெருமூச்சு?

— ஜவாஹிர், நான் யோசிச்சுப்போட்டன். இறகு வந்தால் நீ கை காட்டு.

— எனக்குக் கேக்கல்ல. மேளம் அடிக்கிறான்.

— கேட்டது உனக்கு. நான் கயித்தில நிக்கிறன். ஒரு வயசுக்குப் பிறகு சந்தேகம் வந்தால், அந்தக் கையை நம்பி ஒருத்தனைக் கீழ விடக் கூடாது. பெட்டி போனது பரவாயில்லை. பெட்டி இருந்த இடத்தில ஒரு பிள்ளை நிண்டிருந்தால்?

— என்ட கையைப் பத்தித் தெரியாதா உங்களுக்கு? என்ட கை முதல்ல பகிடி விடும், மறுகாதான் சைகை காட்டும். கீழ நிக்கிறவன் சிரிச்சுக்கொண்டே சாவான்.

— பழகுவாய்.

— நான் மாட்டன். முதலாளிட்ட நேர சொல்றன், மாட்டன் எண்டு. காலமை ஆட்டின தலையை நாளைக்குச் சரியான பக்கம் ஆட்டுறன்.

— விசர்க் கதை கதையாதை. நீ மாட்டன் எண்டால் அவர் வெளியில இருந்து ஆரையாவது கொண்டு வருவார். ஏழாம் கேங் கலையும். கிழவனைப் பாத்தனிதானே? ஒருத்தன் போனால் அடுத்தவன்ட கையில குடுத்திட்டுத்தான் போயிருக்கினம். அதாலதான் இண்டைக்கும் நிக்கினம்.

— குடுத்தவங்க எல்லாம் மூச்சு ஏலாம, கால் ஏலாமக் குடுத்தவங்க. நீங்க ஒரு வயிறும் கயிறும் மாறினதுக்குக் குடுக்கிறீங்க.

— முடியுது போல. எல்லாரும் கிழவனைப் பாத்துக்கொண்டு நிக்கினம்.

— கடைசிச் சத்தத்தைப் பாருங்க, எவ்வளவு நேரம் இழுக்கிறாங்க... இப்ப விட்டுட்டுக் கையைப் பிடிச்சுக் குனியிறாங்க. அட, பாங்கு சொல்லப் பள்ளியில மைக் தட்டுற சத்தமும் கேக்குது. சொன்ன நேரத்துக்கு முடிச்சிட்டான் ஸ்கொட்லாந்துக்காரன். எங்கட அரசியல்வாதி முடிப்பானா?

— சரி, கயித்துக்குப் போவம். விளக்குச் சூடு ஆறினாப் பிறகு சட்டத்தை இறக்கலாம்.

— அண்ணன், பொறுங்க. சோபனாத் தங்கச்சி வாறா. பின்னால ஆச்சியும் வாறாரு. தனியாத்தான் வாறாரு, செந்தாடி இல்ல. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிரிக்காரு.

— நீ வாயைத் திறக்காதை. நான் கதைக்கிறன்.

— வழுக்கினதெண்டு ஒரு சொல்லுச் சொன்னா...

— வாயைத் திறக்காதை எண்டனான்.

— சின்னராசா அண்ணா, இவர்தான் ஆர்ச்சி. திரும்பவும் அதையேதான் கேக்கிறார். காலமை கை காட்டினது ஆர் எண்டு.

— நான்தான் எண்டு சொல்லு பிள்ளை. கயிறு பிடிச்ச ஆறு பேரிலயும் ஒரு பிழையும் இல்லை. அவையள் என்ட கையைப் பாத்து விட்டவை. சட்டம் விழயில்லை, இறக்கினது. அதையும் சொல்லு. செந்தாடிக்காரர் சொன்னது ஒண்டு, என்ட காதில விழுந்தது வேற ஒண்டு. என்ட காது பழுது. இனி நான் கை காட்டமாட்டன் எண்டும் சொல்லிவிடு. நல்லா வாசிச்சவர் எண்டும் சொல்லு.

— எல்லாத்தையும் சொல்றன் அண்ணா... சொல்லிப்போட்டன்.

— என்ன, கிழவன் தலையை ஆட்டுறார்? ஏன் முகம் அப்பிடிச் சிவக்குது?

— அடிக்கப்போறாரா தங்கச்சி? நான் நடுவில நிக்கவா?

— இல்லை, பொறுங்கோ, அவர் கதைக்கிறார்... என்னது?... அண்ணா, உங்கட காதில ஒரு பழுதும் இல்லையாம்.

— அவருக்கு எப்பிடித் தெரியும்?

— செந்தாடிக்காரர் "ஏரியா" எண்டு கத்தினது சட்டம் இறங்கத் தொடங்கினாப் பிறகாம். அதுக்கு முதல் "ஆரியா" எண்டு கத்தினது வேற ஆளாம்.

— ஆர்?

— இவர்தான். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வச்சதும் இவர்தானாம். மஹ்ரூப் முதலாளிக்கும் இப்பதான் சொல்லிப்போட்டு வாறாராம், பகல் முழுக்க வெக்கத்தில வெளிய வரேல்லையாம்.

— ஸ்கொட்லாந்துக்காரனுக்கு எங்கட சொல்லு எங்கால வந்தது, பிள்ளை?

— பாட்டுக் குழு தொடங்க முந்தி, பதினெட்டு வயசில, கப்பலில கூலியா இஞ்ச தேயிலை ஏத்த வந்தவராம் அண்ணா. எங்கட ஜெட்டியில நிண்ட ஆக்கள் கயிறு பிடிச்சுக்கொண்டு இதே சொல்லைத்தான் கத்தினதாம். இண்டைக்கு உங்களைக் கயித்தோட கண்ட சந்தோசத்தில அந்தச் சொல்லு தானாவே வாயில வந்திட்டுதாம். என்ன அர்த்தம் எண்டதுதான், பெட்டி உடைஞ்சாப் பிறகு ஞாபகம் வந்ததாம்.